ஒரு தசையா, முழு உடம்பா?

எங்கள் உம்மம்மா கதிரையில் இருந்தவாறு தொழத் தொடங்கி மூன்று வருடங்களாகின்றன. இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்வு. நிற்பார், ருகூஉ செய்வார். ஸுஜூதுக்காகத் தரைக்குப் போய்விட்டால் மட்டும் தானாக எழும்ப முடியாது. கடந்த ரமழானில் ஓர் இரவு தொழுகை முடிந்து நான் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது, "நெத்தி நிலத்துல பட்டு எவ்வளவு காலமாச்சி மகள்" என்றார். முறைப்பாடாகச் சொல்லவில்லை, சும்மாதான் சொன்னார். ஆனாலும் எனக்கு அது மறக்கவில்லை.

நோன்புப் பெருநாளுக்குப் பிறகு கொடகவெலயிலிருந்து பஸ் ஏறி அவரை இரத்தினபுரிக்கு அழைத்துச் சென்றோம். வைத்தியர் பார்த்துவிட்டு இயன்மருத்துவப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்த மிஸ் உம்மம்மாவின் காலை மடக்கியும் நீட்டியும் பார்த்து, சிங்களத்தில் எழுதிய ஒரு தாளைத் தந்தார். அதைத் தமிழில் உம்மம்மாவுக்கு விளங்கப்படுத்துவது என் பொறுப்பு. தாளில் இருந்தது ஒரேயொரு பயிற்சி: கதிரையில் நேராக உட்கார்ந்து ஒரு காலை முன்னால் நீட்ட வேண்டும். ஐந்து எண்ணும்வரை அப்படியே வைத்திருந்து மெதுவாக இறக்க வேண்டும். ஒரு காலுக்குப் பத்துத் தடவை, காலையும் மாலையும். இரண்டு வாரம் செய்துவிட்டுத் திரும்பி வரச் சொன்னார்.

எனக்கு ஏமாற்றமாக இருந்தது. உயர்தரத்தில் உயிரியல் படிப்பதால் இந்த விடயங்களைத் தேடி வாசிக்கும் பழக்கம் எனக்கு உண்டு. பல மூட்டுகளைச் சேர்த்து அசைக்கும் கூட்டுப் பயிற்சிதான் உண்மையான பயிற்சி, ஒரு தசையை மட்டும் அசைப்பது நேர விரயம் என்றுதான் நான் வாசித்திருந்தேன். நானாவின் கட்சி நேர் எதிரானது. அவர் டவுனில் இருக்கும் ஜிம்முக்குப் போகிறவர். கண்ணாடிக்கு முன்னால் நின்று டம்பெல்லை மடக்கி மடக்கிப் புயத்தை வளர்ப்பதே அவருடைய பயிற்சி. "ஒவ்வொரு தசைக்கும் தனித்தனியாத்தான் குடுக்கணும்" என்பார். இந்த வாக்குவாதம் வீட்டில் இரண்டு மாதம் நடந்தது. இறுதியில் நாங்கள் இருவருமே பாதி பிழை என்று தெரிந்தது. அதற்காக உம்மம்மா கொஞ்சம் வலியும் அனுபவித்தார். அந்த வலி இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

உடம்பில் அசைவு நடப்பது மூட்டுகளில். ஒரு பயிற்சியில் எத்தனை மூட்டுகள் அசைகின்றன என்று எண்ணிப் பார்த்தாலே அது எந்த வகை என்று சொல்லிவிடலாம்.

கதிரையிலிருந்து எழும்புங்கள். இடுப்பு மூட்டு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஒன்றாக அசைகின்றன. தொடையின் முன்தசை, பின்தசை, புட்டத்துத் தசை ஆகியவை வேலை செய்கின்றன. முதுகும் வயிறும் உடம்பைச் சாயாமல் பிடித்துக்கொள்கின்றன. இதுதான் கூட்டுப் பயிற்சி. ஜிம்மில் கம்பவுண்ட் என்பார்கள். குந்தி எழும்புவது, தரையில் கையூன்றித் தள்ளுவது, கீழே இருக்கும் பாரத்தைத் தூக்குவது, உயரத்தில் உள்ள கம்பியைப் பிடித்து உடம்பை மேலே இழுப்பது எல்லாம் இந்த வகை.

இப்போது உட்கார்ந்தபடியே ஒரு காலை மட்டும் நீட்டுங்கள். அசைவது முழங்கால் ஒன்றுதான். வேலை செய்வது பெரும்பாலும் தொடையின் முன்பக்கத்திலுள்ள நாற்றலைத்தசை. இது தனித்தசைப் பயிற்சி, ஜிம் மொழியில் ஐசொலேஷன். நானா டம்பெல் மடக்குவதும் இதுதான். அசையும் மூட்டு முழங்கை, உழைக்கும் தசை முக்கியமாக இருதலைத்தசை. குதியை உயர்த்தி விரல்களில் நிற்பது கெண்டைக்காலுக்கான தனித்தசைப் பயிற்சி.

தனித்தசைப் பயிற்சி பார்க்க இலேசானது. அதனால்தான் நான் அந்தத் தாளை மதிக்கவில்லை. பிறகு அமர்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணுக்காலில் 1 கிலோ பாரம் கட்டிக் காலை நேராக நீட்டுவதாக வைத்துக்கொள்வோம். பாரம் முழங்கால் மூட்டிலிருந்து 40 சென்ரிமீற்றர் தூரத்தில் இருக்கிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே காலை இழுக்கும் தசைநாணோ மூட்டின் மையத்திலிருந்து ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் தூரத்தில்தான் இருக்கிறது. விசையின் திருப்பம் இரு பக்கமும் சமப்பட வேண்டுமானால், தசை ஏறக்குறைய 10 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்க வேண்டும். காலின் சொந்த நிறை இந்தக் கணக்கில் சேரவில்லை. எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு வெறுங்காலை நீட்டுவதே ஒரு பாரம்தான்.

என் பிழை

இந்தக் கணக்கை நான் முதலிலேயே போட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். நான்காவது நாளே தாளை மூடி வைத்துவிட்டு, "உம்மம்மா, இதால ஒண்டும் நடக்காது. நாங்க கதிரையிலிருந்து எழும்பி இருப்போம்" என்று தொடங்கினேன். அவருக்குத் தேவை தரையிலிருந்து எழும்புவது. ஆகவே எழும்புவதையே பழக வேண்டும் என்பது என் வாதம். பத்துத் தடவை எழும்ப வைத்தேன். மறுநாள் வலது முழங்கால் வீங்கியிருந்தது. இரண்டு வாரம் எந்தப் பயிற்சியும் இல்லை. உம்மா என்னை ஏசவில்லை. உம்மம்மாதான், "புள்ள நல்லதுக்குத்தானே செஞ்சது" என்று எனக்காகப் பேசினார். அது ஏச்சை விட மோசமாக இருந்தது.

மீண்டும் இரத்தினபுரிக்குப் போனபோது மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். அவர் உம்மம்மாவைக் கதிரையிலிருந்து ஒருமுறை எழும்பச் சொல்லி, "கவனமாகப் பார்" என்றார். உம்மம்மா எழும்பினார். ஆனால் இரண்டு கைகளாலும் கதிரையை அழுத்தினார், உடம்பை இடது பக்கம் சாய்த்தார். வலது கால் கிட்டத்தட்ட எதுவுமே செய்யவில்லை.

அப்போதுதான் விளங்கியது. கூட்டுப் பயிற்சியில் பல தசைகள் பங்காளிகள். அவற்றில் ஒன்று பலவீனமாக இருந்தால் மற்றவை அதன் வேலையையும் எடுத்துக்கொள்ளும். எழும்புவது நடந்துவிடும், ஆனால் பலவீனமான தசை பலவீனமாகவே கிடக்கும். வகுப்பில் குழு ஒப்படை செய்யும்போது ஐந்து பேரில் இரண்டு பேர் எல்லாவற்றையும் செய்து முடிப்பார்களே, அப்படித்தான். செய்யாதவருக்குப் பாடம் வர வேண்டுமானால் அவரைத் தனியாக எழுப்பிக் கேள்வி கேட்க வேண்டும். அந்தத் தாளில் இருந்த பயிற்சி அந்தக் கேள்விதான்.

இதற்குப் பழைய சான்றும் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது முழங்காலில் காயப்பட்ட அமெரிக்கச் சிப்பாய்களுக்குச் சிகிச்சையளித்தவர் தோமஸ் டிலோர்ம் என்ற இராணுவ வைத்தியர். அவர் அவர்களுடைய பாதத்தில் இரும்புச் சப்பாத்தைக் கட்டி, உட்கார்ந்தபடி காலை நீட்ட வைத்தார். பலம் கூடக்கூடப் பாரத்தையும் கூட்டினார். 1945இல் அந்த முறையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். இன்று எந்த ஜிம்மிலும் கேட்கும் "பத்துத் தடவை, மூன்று சுற்று" என்ற வழக்கம் பரவியதில் அவருடைய முறைக்குப் பெரும் பங்கு உண்டு.

இன்னொன்று எனக்கு உம்மம்மாவை நினைவூட்டியது. 1990இல் பொஸ்டனைச் சேர்ந்த வைத்தியர் மரியா ஃபியட்டரோன் குழுவினர், முதியோர் இல்லத்தில் வசித்த, சராசரி வயது 90 ஆன பத்துப் பேருடன் ஓர் ஆய்வைத் தொடங்கினார்கள். செய்வித்தது காலை நீட்டி மடக்கும் பயிற்சிதான். எட்டு வாரத்தில், முடித்தவர்களின் தசைப் பலம் சராசரியாக 174 வீதம் கூடியிருந்தது. தொண்ணூறு வயதிலும் தசை பாடம் படிக்கும் என்பதை நான் அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

நானாவின் பிழை

இதையெல்லாம் கேட்டு நானாவுக்குப் பெரிய சந்தோசம். "நான் அப்பவே சொன்னேன்தானே" என்றார். அந்தச் சந்தோசம் ஒரு வாரம்தான். வாப்பாவின் கடைக்கு அரிசி இறங்கிய அன்று 25 கிலோ மூட்டை ஒன்றைத் தரையிலிருந்து குனிந்து தூக்கியவர், முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு கைக்குப் பன்னிரண்டரைக் கிலோ டம்பெல் மடக்குகிறவர் அவர். இரண்டு கைக்கும் சேர்த்தால் அதே 25 கிலோ!

பாரம் ஒன்றுதான், வேலை வேறு. மூட்டையைத் தூக்க முழங்காலை மடக்க வேண்டும், இடுப்பிலிருந்து குனிய வேண்டும், முதுகை நேராக வைத்திருக்க வேண்டும், மூட்டையை உடம்போடு அணைக்க வேண்டும். இவை எல்லாம் ஒரே கணத்தில், ஒழுங்காக நடக்க வேண்டும். நானாவின் தசைகள் தனித்தனியாகப் பலமானவை. சேர்ந்து வேலை செய்ய அவை ஒருநாளும் பழகியதில்லை. ஓர் அசைவில் பெற்ற பலம் அதைப் போன்ற அசைவுகளில்தான் கூடுதலாக உதவும் என்பது வலுப்பயிற்சியின் அடிப்படை விதிகளில் ஒன்று.

இதற்காகத் தனித்தசைப் பயிற்சியால் தசை வளராது என்று எண்ண வேண்டாம். 2015இல் வெளியான பிரேசில் ஆய்வொன்றில் முன்பு பயிற்சி செய்திராத இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் பத்து வாரம் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு குழு கையை மட்டும் மடக்கியது. மற்றக் குழு மேலிருந்து கம்பியைக் கீழே இழுக்கும் கூட்டுப் பயிற்சியைச் செய்தது. இரு குழுவிலும் முன்புயத் தசை ஏறக்குறைய ஒரே அளவில் வளர்ந்தது. ஆனால் கம்பியை இழுத்தவர்களின் முதுகும் தோளும் அதே நேரத்தில் சேர்ந்து உழைத்தன என்பதை நாம் கவனிக்க வேண்டும். நேரம் குறைந்தவர்களுக்கு அது பெரிய இலாபம்.

உலகின் பெரிய பளுதூக்கல் மேடைகளைப் பாருங்கள். ஒலிம்பிக்கில் இரண்டே தூக்குகள்தான். இரண்டும் கணுக்கால் முதல் மணிக்கட்டு வரை முழு உடம்பையும் கேட்பவை. 2018இல் கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் நம் நாட்டின் தினுஷா கோமஸ் 48 கிலோ பிரிவில் வெண்கலம் வென்றார். இரண்டு தூக்குகளிலும் அவர் தூக்கிய மொத்தம் 155 கிலோ. புயத்தை மட்டும் வளர்த்து அதைத் தூக்க முடியாது.

எதைத் தெரிவு செய்வது?

எங்கள் வீட்டு வாக்குவாதத்திலிருந்து நான் எடுத்த முடிவு இது: ஆரோக்கியமான ஒருவருக்குச் சோறு கூட்டுப் பயிற்சி, கறி தனித்தசைப் பயிற்சி. காயப்பட்ட அல்லது பலவீனமான ஒருவருக்கு முதலில் மருந்து தனித்தசைப் பயிற்சி, பிறகுதான் சோறு. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2009இல் வெளியிட்ட வழிகாட்டலும் இரண்டையும் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறது. பலத்தைக் கூட்டுவதற்குக் கூட்டுப் பயிற்சிக்கு முதலிடம் கொடுக்கச் சொல்கிறது, அதையே முதலில் செய்யவும் சொல்கிறது. காரணம் எளிது. சின்னத் தசையை முதலில் களைக்க வைத்துவிட்டால், பெரிய வேலையில் அது பாதியிலேயே கைவிட்டுவிடும்.

தெரிவு செய்யுமுன் மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளலாம்.

முதலாவது, எனக்கு எந்த வேலைக்குப் பலம் வேண்டும்? புத்தகப் பையுடன் படியேற, தண்ணீர் வாளி தூக்க, தம்பியைத் தூக்கி வைத்திருக்க என்றால் கூட்டுப் பயிற்சி.

இரண்டாவது, அந்த வேலையைச் செய்யும்போது உடம்பு எங்கேயாவது ஏமாற்றுகிறதா? ஒரு பக்கம் சாய்கிறதா, கை ஊன்றுகிறதா, ஒரு முழங்கால் உள்ளே மடிகிறதா? அப்படியென்றால் பின்தங்கிய அந்தத் தசைக்குத் தனிப் பயிற்சி தேவைப்படலாம்.

மூன்றாவது, வலி அல்லது நோய் இருக்கிறதா? இருந்தால் தெரிவு நம்முடையது அல்ல. வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் கேட்க வேண்டும். இந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்காமல் விட்டதன் விலைதான் உம்மம்மாவின் வீங்கிய முழங்கால்.

"வேலை செய்தாலே போதாதா, பயிற்சி வேறு எதற்கு?" என்று உம்மா கேட்டார். நல்ல கேள்வி. நம்மைச் சுற்றியுள்ள தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பாரத்தைச் சுமந்து மேட்டில் ஏறி இறங்குகிறார்கள். அது முழுக்கக் கூட்டு அசைவுதான், அவர்கள் பலசாலிகள்தான். ஆனால் அங்கே பாரத்தை உடம்பு தீர்மானிப்பதில்லை, கொழுந்தும் சம்பளமும் தீர்மானிக்கின்றன. களைத்தாலும் நிறுத்த முடியாது, வலித்தாலும் அதே பக்கம்தான் குனிய வேண்டும். பயிற்சியில் அளவு நம் கையில் இருக்கிறது. கொஞ்சத்தில் தொடங்கலாம், படிப்படியாகக் கூட்டலாம், இடையில் ஓய்வு எடுக்கலாம். வேலையும் பயிற்சியும் வேறுபடும் இடம் அதுதான்.

பெண் பிள்ளைகளுக்கு இது எதற்கு?

இதைப் பெற்றோருக்காக எழுதுகிறேன். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் குறைந்தது மூன்று நாளாவது தசையையும் என்பையும் பலப்படுத்தும் அசைவுகள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டல் கூறுகிறது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று அதில் இல்லை. உயர்தர வகுப்பில் நாங்கள் பாடசாலையில் உட்கார்ந்து, டியூஷனில் உட்கார்ந்து, வீட்டில் மேசையில் உட்கார்ந்து இரண்டு வருடத்தைக் கழிக்கிறோம். என்பு பலப்படும் வயதும் இதுதான்.

உடம்பு ஆண்களைப் போலாகிவிடும் என்று சிலர் பயப்படுகிறார்கள். பெரிய தசை வளர உதவும் டெஸ்டோஸ்டிரோன் பெண்களில் மிகக் குறைவு. ஆகவே வீட்டில் வாரம் மூன்று நாள் செய்யும் பயிற்சியால் அப்படி ஆகாது. சரியான மேற்பார்வையில் அளவோடு செய்தால் உயரமும் தடைப்படாது.

ஆடை ஒரு தடையா? பளுதூக்கலில் முழங்கையும் முழங்காலும் நேராக நீண்டதா என்று நடுவர்கள் பார்க்க வேண்டும் என்பதால், அவற்றை மறைக்கும் ஆடைக்கு முன்பு அனுமதி இருக்கவில்லை. அமெரிக்காவில் வாழும் குல்சூம் அப்துல்லாஹ் என்ற சகோதரி இதை எடுத்துப் பேசினார். 2011இல் சர்வதேசப் பளுதூக்கல் சம்மேளனம் விதியை மாற்றி, உடலோடு ஒட்டிய முழு உடையை உள்ளே அணிய அனுமதித்தது. ஐந்து வருடம் கழித்து, 2016 ரியோ ஒலிம்பிக்கில், எகிப்தின் சாரா அஹ்மத் தலையை மூடிய உடையுடன் 69 கிலோ பிரிவில் மொத்தம் 255 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். அப்போது அவருக்கு வயது 18. நம்மில் பலரின் வயதுதான்.

நாம் மேடைக்குப் போக வேண்டியதில்லை. அறைக் கதவைச் சாத்திவிட்டு இருபது நிமிடம் போதும். நானும் என் தங்கையும் வாரம் மூன்று நாள் செய்வது இதுதான்: கதிரையில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழும்புவது பத்துத் தடவை. சுவரில் கை வைத்து உடம்பைத் தள்ளுவது பத்துத் தடவை. புத்தகம் நிறைந்த பையை முதுகு வளையாமல் தரையிலிருந்து தூக்கி வைப்பது பத்துத் தடவை. இவை மூன்றும் கூட்டுப் பயிற்சிகள். கடைசியில் குதியை உயர்த்தி இறக்கும் தனித்தசைப் பயிற்சி பதினைந்து தடவை. கொஞ்சம் ஓய்வெடுத்து எல்லாவற்றையும் இன்னொரு சுற்று. இலேசாகிவிட்டால் பையில் ஒரு புத்தகம் கூடும், அல்லது சுவருக்குப் பதில் மேசை விளிம்பு வரும். மூச்சை அடக்கக்கூடாது. கூரான வலி வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

நானா இப்போது ஜிம்மில் முதலில் குந்தி எழும்புகிறார். புயத்தைக் கடைசியாக வைத்துக்கொள்கிறார். கண்ணாடியை மட்டும் இன்னும் விடவில்லை.

உம்மம்மா ஆறு வாரம் அந்த ஒரு பயிற்சியை மட்டும் செய்தார். வெறுங்காலில் தொடங்கி, பிறகு அரைக் கிலோ அரிசியைத் துணியில் பொதிந்து கணுக்காலில் கட்டினோம். வலது கால் நடுங்காமல் நீண்ட நாளில் மிஸ் அடுத்த தாளைத் தந்தார். அதில் இருந்தது நான் அவசரப்பட்டுத் தொடங்கிய அதே பயிற்சி: கதிரையிலிருந்து எழும்புவது. ஆனால் இரண்டு குஷன் போட்டு உயர்த்திய கதிரை, ஐந்து தடவை மட்டும். பிறகு ஒரு குஷன். பிறகு வெறும் கதிரை.

அவர் இன்னும் கதிரையில்தான் தொழுகிறார். மூட்டுத் தேய்வு இல்லாமல் போகவில்லை, போகும் என்று எவரும் சொல்லவும் இல்லை. ஆனால் சென்ற மாதம் ஒரு நாள் லுஹருக்குப் பிறகு அறைக்குள் போனேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துக் கீழே உட்கார்ந்து தஸ்பீஹ் ஓதிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கை கொடுத்தேன். "நில்லு மகள்" என்றார். கட்டிலின் விளிம்பை ஒரு கையால் பிடித்தார். வலது பாதத்தை ஊன்றினார். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். பிறகு எழும்பிவிட்டார்.

வலது காலால்தான் எழும்பினார். நான் கவனமாகப் பார்த்தேன்.